வீலுக்அப் ‘#என்/ஏ’ காட்டினால் என்ன செய்வது? புதிதாகப் பழகுவோருக்கு ஒரு விளக்கம்

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கணினியில் ஒரு எக்செல் கோப்பில் இரண்டு ஷீட் இருக்கின்றன. ஒன்று ‘விலை’. அதில் ஏ நிரலில் சாமானின் பெயர், பி நிரலில் அலகு, சி நிரலில் இன்றைய விலை. மற்றது ‘ஓடர்’. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இருக்கும் சில்லறைக் கடைக்காரர் போனில் சொல்லும் சாமான்களை ஏ நிரலில் அடிப்பார்கள், எத்தனை கிலோ என்பதை பி நிரலில் அடிப்பார்கள். விலையை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து அடிக்கத் தேவையில்லை. சி நிரலில் உள்ள சூத்திரம் விலை ஷீட்டுக்குப் போய்ப் பெயரைத் தேடி, விலையை எடுத்துக்கொண்டு வந்துவிடும்:

=வீலுக்அப்(ஏ2, விலை!$ஏ$2:$சி$200, 3, ஃபால்ஸ்)

(இந்தக் கட்டுரையில் சூத்திரங்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எக்செலில் அடிக்கும்போது வழக்கம்போல் ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.)

அடைப்புக்குள் நான்கு பகுதிகள் உள்ளன. எதைத் தேட வேண்டும் என்பது முதலாவது. எந்தப் பட்டியலில் தேட வேண்டும் என்பது இரண்டாவது. கிடைத்த நிரையில் எத்தனையாவது நிரலில் உள்ளதைக் கொண்டுவர வேண்டும் என்பது மூன்றாவது. நான்காவதாக உள்ள ‘ஃபால்ஸ்’, பெயர் அப்படியே பொருந்தினால் மட்டும் கொண்டு வா என்ற கட்டளை. பலர் இந்த நான்காவதை அடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். விட்டால் எக்செல் அதை ‘ட்ரூ’ என்று எடுத்துக்கொள்ளும், அதாவது கிட்டத்தட்டப் பொருந்துவதே போதும் என்று. பட்டியல் அகர வரிசையில் இல்லாவிட்டால், பருப்பு கேட்டால் மிளகாய் விலை வரலாம். பிழை என்று ஒரு குறிப்பும் வராது. இந்த ஆபத்து #என்/ஏயை விட எத்தனையோ மடங்கு பெரியது. ஆகவே வேறு எதையும் செய்வதற்கு முன் உங்கள் ஷீட்டில் உள்ள வீலுக்அப் எல்லாவற்றிலும் அந்த ‘ஃபால்ஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இப்போது ஒரு ஓடர் வருகிறது. விலைகள் உதாரணத்துக்கு மட்டும். மைசூர் பருப்பு 25 கிலோ, கிலோ 290 ரூபா. சீனி 50 கிலோ, 240 ரூபா. செத்தல் மிளகாய் 10 கிலோ, 900 ரூபா. கௌப்பி 20 கிலோ, 850 ரூபா. முதல் மூன்றுக்கும் விலை வந்துவிட்டது. கௌப்பிக்கு நேரே மட்டும் #என்/ஏ. டி நிரலில் கிலோவையும் விலையையும் பெருக்கியிருக்கிறோம், அங்கேயும் #என்/ஏ. அடியில் மொத்தம், அதுவும் #என்/ஏ. ஒரு சாமானால் முழு பில்லும் நின்றுபோனது.

இந்த இடத்தில் புதிதாகப் பழகுபவர்களுக்கு வரும் பதற்றம் எனக்குப் புரிகிறது. முதலாளி பக்கத்தில் நிற்கிறார், லொறி ஏற்றக் காத்திருக்கிறது, திரையில் பெரிதாக ஒரு பிழை. ஆனால் #என்/ஏ வந்ததால் சூத்திரம் உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சூத்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்து முடித்து, “நீங்கள் கேட்டது இந்தப் பட்டியலில் இல்லை” என்று சொல்கிறது. மொத்தம் காட்ட மறுப்பதும் சரிதான். நான்கில் ஒன்றுக்கு விலை தெரியாதபோது மொத்தம் எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது, எக்செலாலும் முடியாது. 1979இல் வந்த விசிகால்க், மேசைக் கணினிகளில் விரிதாளைப் பரவலாக்கிய முதல் மென்பொருள். அதிலேயே ‘மதிப்பு இல்லை’ என்பதற்கும் ‘பிழை’ என்பதற்கும் தனித்தனி அடையாளங்கள் இருந்தன. இந்த வேறுபாடு அவ்வளவு பழையது, அவ்வளவு தேவையானது.

மற்றப் பிழைகள் வேறு கதை. #ரெஃப்! வந்தால், இரண்டு நிரல் மட்டுமே உள்ள பட்டியலில் மூன்றாவது நிரலைக் கேட்கிறீர்கள். பெரும்பாலும் யாரோ ஒரு நிரலை அழித்திருப்பார்கள். #நேம்? வந்தால் சூத்திரத்தின் பெயரில் எழுத்துப் பிழை, அல்லது உங்கள் பழைய எக்செலுக்கு அந்தச் சூத்திரமே தெரியாது. #வேல்யூ! பெரும்பாலும் எண்ணை எழுத்தோடு பெருக்கப் பார்த்ததால் வருவது. இந்த மூன்றிலும் பெரும்பாலும் திருத்த வேண்டியது சூத்திரத்தை. #என்/ஏயில் பார்க்க வேண்டியது தரவை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் இனிச் சொல்லப் போவதெல்லாம் எளிது.

பூச்சியம் போட்டு மூடுவதில் என்ன தவறு?

இணையத்தில் தேடினாலும் பக்கத்து மேசையில் கேட்டாலும் முதலில் கிடைக்கும் பதில் இது:

=இஃப்எரர்(வீலுக்அப்(ஏ2, விலை!$ஏ$2:$சி$200, 3, ஃபால்ஸ்), 0)

பிழை வந்தால் 0 போடு என்று அர்த்தம். இஃப்எரர் 2007ஆம் ஆண்டு எக்செலோடு வந்தது. அதற்கு முன் இதே வேலைக்கு வீலுக்அப்பை ஒரே சூத்திரத்துக்குள் இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை தீர்ந்ததும் எல்லோரும் எல்லாவற்றுக்கும் இதையே சுற்றிப் போடப் பழகிவிட்டார்கள்.

நம்முடைய ஓடரில் போட்டுப் பாருங்கள். கௌப்பிக்கு நேரே 0. பெருக்கினால் 0. மொத்தம் இப்போது அழகாக வருகிறது: 28,250 ரூபா. உண்மையான மொத்தம் 45,250 ரூபா. 20 கிலோ கௌப்பி லொறியில் ஏறிப் போகும், அதற்குரிய 17,000 ரூபா பில்லில் இருக்காது. நான்கு வரி பில்லில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். அறுபது வரி பில்லில்?

0க்குப் பதிலாக வெற்று மேற்கோள்குறி போடலாம் என்பார்கள் சிலர். அப்போது விலை இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது எழுத்து, எண் அல்ல. ஆகவே பெருக்கும் இடத்தில் #வேல்யூ! வரும். அதையும் மறைக்க அங்கே இன்னொரு இஃப்எரர். பிறகு மொத்தத்துக்கு ஒன்று. இப்படி மூன்று மூடி போட்ட பிறகு, நாளைக்கு யாராவது விலை ஷீட்டில் அலகு நிரலைத் தவறுதலாக அழித்துவிட்டால் கூட ஓடர் ஷீட் வாயைத் திறக்காது. இஃப்எரர் #என்/ஏயை மட்டும் பிடிப்பதில்லை, #ரெஃப்!, #நேம்?, #வேல்யூ! எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிடும். புகை மணி அடிக்கிறது என்பதற்காக அதன் பற்றரியைக் கழற்றுவது போன்ற வேலை இது.

சம்பளப் பட்டியலில் இதே வழக்கம் இன்னும் கொடுமையானது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில் வழங்குநரின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். இவற்றைக் கணக்கிடும் ஷீட், ஊழியரின் இலக்கத்தை வைத்து அவருடைய சம்பளத்தை இன்னொரு ஷீட்டிலிருந்து தேடி எடுக்கிறது என்று வையுங்கள். ஒருவருடைய இலக்கம் பொருந்தவில்லை, இஃப்எரர் 0 போடுகிறது. 60,000 ரூபா சம்பளம் உள்ளவருக்கு 4,800, 7,200, 1,800 என்று மொத்தம் 13,800 ரூபா போயிருக்க வேண்டிய மாதத்தில் ஒன்றும் போகாது. ஷீட் முழுவதும் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும். இது ஒரு மனிதருடைய முதுமைக்கான பணம். அந்த 0ஐ அங்கே போட எவருக்கும் உரிமை இல்லை என்பதுதான் என் எண்ணம்.

இஃப்என்ஏ என்ற அளவான கருவி

2013 எக்செலில் இஃப்என்ஏ வந்தது. பார்ப்பதற்கு இஃப்எரரின் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் இது #என்/ஏயை மட்டுமே பிடிக்கும், வேறு எந்தப் பிழையையும் தொடாது. கூகிள் ஷீட்ஸிலும் லிப்ரே ஒபிஸிலும் உண்டு.

=இஃப்என்ஏ(வீலுக்அப்(ஏ2, விலை!$ஏ$2:$சி$200, 3, ஃபால்ஸ்), "பட்டியலில் இல்லை")

இப்போது கௌப்பிக்கு நேரே ‘பட்டியலில் இல்லை’ என்று வரும். யாரோ நிரலை அழித்தால் #ரெஃப்! என்று உரக்கக் கத்தும். இரண்டும் வெவ்வேறு பிரச்சினை, இரண்டும் வெவ்வேறு விதமாகத் தெரிகின்றன. இப்படித்தான் இருக்க வேண்டும்.

மேற்கோள்குறிக்குள் என்ன எழுதுவது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். ‘பிழை’ என்று மட்டும் போட்டால் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘பட்டியலில் இல்லை’ நல்லது. ‘பெயரைச் சரிபார்க்கவும்’ அதைவிட நல்லது, ஏனென்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. சூத்திரத்தை எழுதியவர் விடுமுறையில் இருக்கும் நாளில் அந்த ஷீட்டைத் திறப்பவரை நினைத்து எழுதுங்கள்.

அடுத்த சிக்கல் வெறும் வரிகள். ஓடர் ஷீட்டில் இருபது வரிக்கு சூத்திரம் இழுத்து வைத்திருப்பீர்கள், இன்றைய ஓடரில் நான்கு சாமான்தான். மிச்சப் பதினாறு வரியிலும் ‘பட்டியலில் இல்லை’ என்று வந்தால் கண்ணுக்கு எரிச்சல். சில நாளில் உண்மையான எச்சரிக்கையும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். அங்கே சூத்திரம் பேசாமல் இருக்க வேண்டும்:

=இஃப்(ஏ2="", "", இஃப்என்ஏ(வீலுக்அப்(ஏ2, விலை!$ஏ$2:$சி$200, 3, ஃபால்ஸ்), "பெயரைச் சரிபார்க்கவும்"))

ஏ2 வெறுமையாக இருந்தால் சும்மா இரு, அதில் பெயர் இருந்தால் தேடு, தேடிக் கிடைக்காவிட்டால் சொல். வெறுமை நியாயமானது என்று தெரிந்த இடத்தில் மட்டும், அந்தக் காரணத்தை வெளிப்படையாகச் சூத்திரத்தில் எழுதி, வெறுமையாக விடுகிறோம். எல்லாப் பிழையையும் கண்ணை மூடிக்கொண்டு வெறுமையாக்குவது வேறு.

இனிப் பெருக்கல். விலை எண்ணாக இருந்தால் மட்டும் பெருக்கு:

=இஃப்(இஸ்நம்பர்(சி2), பி2*சி2, "")

இதோடு நிறுத்தினால் ஒரு பொறி இருக்கிறது, கவனமாகப் பாருங்கள். ‘சம்’ சூத்திரம் எழுத்து உள்ள செல்களைத் தாண்டிப் போய்விடும். ஆகவே மொத்தம் மறுபடியும் 28,250 ரூபா என்று வந்துவிடும்! பில்லின் நடுவில் ஒரு எச்சரிக்கை இருக்கும், அடியில் அந்த எச்சரிக்கையைப் பற்றி ஒன்றும் அறியாத மொத்தம் இருக்கும். பெரும்பாலானவர்கள் பார்ப்பது அடியில் உள்ளதை மட்டும்தான். மொத்தத்துக்கும் விஷயம் தெரிய வேண்டும்:

=இஃப்(கவுண்ட்இஃப்(சி2:சி21, ">0")<கவுண்ட்ஏ(ஏ2:ஏ21), "விலை வராத சாமான் உண்டு", சம்(டி2:டி21))

கவுண்ட்ஏ எத்தனை சாமான் அடிக்கப்பட்டது என்று எண்ணுகிறது. கவுண்ட்இஃப், 0க்கு மேற்பட்ட விலை எத்தனை வந்தது என்று எண்ணுகிறது. இரண்டும் ஒத்துப்போனால் மொத்தம் வரும், இல்லாவிட்டால் வராது. எக்செல் தானாகவே #என்/ஏ காட்டி மொத்தத்தைத் தடுத்ததே, அதே நேர்மை இங்கேயும் இருக்கிறது. வித்தியாசம், இப்போது அது தமிழில் காரணம் சொல்கிறது.

ஏன் ‘0க்கு மேற்பட்ட’ என்று கேட்கிறோம்? விலை ஷீட்டில் சாமானின் பெயர் இருக்கிறது, ஆனால் இன்றைய விலை இன்னும் வரவில்லை, செல் வெறுமையாக இருக்கிறது என்று வையுங்கள். வீலுக்அப் அந்த வெறுமையை 0 என்று கொண்டுவரும். பெயர் கிடைத்துவிட்டதால் #என்/ஏ வராது, இஃப்என்ஏயும் ஒன்றும் செய்யாது. காலையில் விலை மாறும் வியாபாரத்தில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. அதனால்தான் அந்த நிபந்தனை.

இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை

நேரம் அதிகம் போவது இங்கேதான். விலை ஷீட்டில் கௌப்பி கண்ணுக்கு நேரே இருக்கிறது. ஓடரிலும் கௌப்பி இருக்கிறது. ஆனாலும் #என்/ஏ. இந்த நிலையில் எந்தச் சூத்திரத்தைச் சுற்றிப் போட்டும் பயனில்லை, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். முதலில் ஏதாவது ஒரு வெறும் செல்லில் =ஏ5=விலை!ஏ9 என்பதுபோல் இரண்டு செல்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘ஃபால்ஸ்’ வந்தால், இரண்டின் நீளத்தையும் ‘லென்’ சூத்திரத்தால் எண்ணுங்கள்.

தமிழில் அடிப்பவர்களுக்கென்றே ஒரு வேறுபாடு இருக்கிறது. ‘கௌப்பி’யைச் சரியாக அடித்தால் க, ஔகாரக் குறி, ப, புள்ளி, ப, இகரக் குறி என்று ஆறு. லென் 6 என்று காட்டும். பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ‘ள’ எழுத்தும் அடித்து ‘கெளப்பி’ என்று எழுதுகிறார்கள். திரையில் வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. லென் 7 காட்டும். எக்செலுக்கு இவை இரண்டு வெவ்வேறு சாமான்கள். நம்முடைய ஓடரில் நடந்ததும் இதுதான். பௌடர், சௌசௌ, கௌரி என்ற பெயர் எல்லாவற்றிலும் இதே சிக்கல் வரும்.

இன்னொன்று பாமினி. இலங்கையில் பல ஒபிஸ்களில் பழைய பட்டியல்கள் இன்னும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. பாமினியில் அடித்தது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடில் அடித்த ‘சீனி’ அங்கே ஒருநாளும் கிடைக்காது. கண்டுபிடிப்பது சுலபம். செல்லில் கிளிக் செய்துவிட்டு மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள். ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பாமினி. சரி, இரண்டு பட்டியலும் பாமினியிலேயே இருந்தால் பிரச்சினை இல்லையா? அதிலும் உண்டு. பாமினியில் ‘ப’வும் ‘பு’வும் ஒரே ஆங்கில எழுத்தின் சிறிய வடிவமும் பெரிய வடிவமும். ‘க’வும் ‘கு’வும் அப்படியே, ‘ம’வும் ‘மு’வும் அப்படியே. வீலுக்அப் ஆங்கிலத்தில் சிறிய, பெரிய எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே பாமினிப் பட்டியலில் ‘மடி’யும் ‘முடி’யும் அதற்கு ஒன்றுதான். பிழையே காட்டாமல் தவறான நிரையை எடுத்துவரும். பழைய பட்டியலை ஒரு தடவை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதைத் தவிர வேறு நல்ல வழி இதற்கு இல்லை.

பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளி எல்லா மொழியிலும் வரும் தொல்லை. தேடும் இடத்தில் ஏ2 என்பதற்குப் பதிலாக ட்ரிம்(ஏ2) என்று எழுதினால் ஓடரில் உள்ள இடைவெளி போய்விடும். விலைப் பட்டியலில் இருந்தால் அங்கேயும் ஒரு தடவை ட்ரிம் போட்டுச் சுத்தமாக்க வேண்டும். இணையப் பக்கத்திலிருந்து பிரதி செய்து ஒட்டியதில் வேறு வகை இடைவெளி ஒன்று வரும், அதன் குறியீட்டு எண் 160. ட்ரிம் அதைத் தொடாது. அதற்கு:

=ட்ரிம்(சப்ஸ்டிட்யூட்(ஏ2, யுனிசார்(160), " "))

எண்ணும் எழுத்தும் கலந்துபோவது அடுத்தது. ஒரு ஷீட்டில் எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் சேமித்திருந்தால், கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிந்தாலும் பொருந்தாது. கைத்தொலைபேசி இலக்கத்தை வைத்து வாடிக்கையாளரைத் தேடுபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். 077 என்று அடித்ததும் எக்செல் முன்னால் உள்ள 0ஐத் தின்றுவிடும். நிரலை முதலில் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு அடிக்க வேண்டும்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் இது இன்னும் சிக்கல். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் இறுதியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கம் மட்டும். எழுத்து இருப்பதால் பழையது தானாகவே எழுத்தாகச் சேமிக்கப்படும், புதியது எண்ணாகிவிடும். அதோடு, செல் வடிவம் ‘ஜெனரல்’ என்று இருந்தால் பன்னிரண்டு இலக்கத்தையும் காட்டாமல் அடுக்குக் குறியில் சுருக்கிக் காட்டும். ஒரே ஊழியர் ஒரு பட்டியலில் பழைய இலக்கத்தோடும் மற்றதில் புதியதோடும் இருந்தால் தேடல் நிச்சயமாகத் தோற்கும். பழையதைப் புதிய வடிவுக்கு மாற்ற, முன்னால் 19 சேர்த்து, ஐந்தாவது இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0 நுழைத்து, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும்:

="19"&லெஃப்ட்(ஏ2,5)&"0"&மிட்(ஏ2,6,4)

இது தருவது எழுத்து. தேடப்படும் பட்டியலிலும் பன்னிரண்டு இலக்கம் எழுத்தாகவே இருக்க வேண்டும். தேடும் பக்கம் எண்ணாக இருந்தால் ஏ2&"" என்று எழுதினால் எழுத்தாக மாறும். எழுத்தை எண்ணாக்க ஏ2*1 போதும்.

பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் கணக்கு வைப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அளவுகளை 1*2, 1*12 என்று நட்சத்திரக் குறி போட்டு எழுதும் பழக்கம் இருந்தால் கவனம். வீலுக்அப்புக்கு நட்சத்திரம் என்றால் ‘இடையில் எது வேண்டுமானாலும் வரலாம்’ என்று அர்த்தம். 1*2 என்று தேடினால், பட்டியலில் மேலே 1*12 இருந்தால் அதுவும் 1இல் தொடங்கி 2இல் முடிவதால் பொருந்திவிடும். அதன் விலையைக் கொண்டுவந்து கொடுத்துவிடும், ஒரு பிழையும் காட்டாமல். நட்சத்திரத்துக்கு முன்னால் ~ குறி போட்டால் அது வெறும் நட்சத்திரமாக எடுத்துக்கொள்ளப்படும். அதைச் சூத்திரத்திலேயே செய்யலாம்: தேடும் இடத்தில் சப்ஸ்டிட்யூட்(ஏ2, "*", "~*").

இத்தனை தொல்லைக்கும் வேரில் மருந்து வேண்டுமென்றால், பெயரை வைத்துத் தேடுவதை விட்டுவிட்டு ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். கொழும்பில் ஒரே கடையில் ஒருவர் தமிழிலும் ஒருவர் சிங்களத்திலும் இன்னொருவர் ஆங்கிலத்திலும் அடிப்பார்கள், எண் மூவருக்கும் பொது. அது முடியாவிட்டால் ஓடர் ஷீட்டின் ஏ நிரலில் ‘டேட்டா வெலிடேஷன்’ மூலம் கீழ்விரி பட்டியல் வைத்துவிடுங்கள். பெயரை அடிக்காமல் தெரிவு செய்யலாம், பட்டியலில் இல்லாத பெயரை அடித்தால் எக்செல் ஏற்காது.

புதிய எக்செல் வைத்திருப்பவர்களுக்கு

வீலுக்அப்பின் வேலையைச் செய்யும் புதிய சூத்திரமான எக்ஸ்லுக்அப்பை மைக்ரோசொஃப்ட் 2019இல் அறிவித்தது. மைக்ரோசொஃப்ட் 365இலும் 2021 பதிப்பிலும் இருக்கிறது, 2016, 2019 பதிப்புகளில் இல்லை. கூகிள் ஷீட்ஸிலும் இப்போது உண்டு.

=எக்ஸ்லுக்அப்(ஏ2, விலை!$ஏ$2:$ஏ$200, விலை!$சி$2:$சி$200, "பெயரைச் சரிபார்க்கவும்")

கிடைக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை நான்காவது பகுதியிலேயே எழுதிவிடலாம், இஃப்என்ஏ தேவையில்லை. மற்றப் பிழைகளை இது மறைக்காது. ‘ஃபால்ஸ்’ மறந்து போகும் பிரச்சினையும் இல்லை, சொல்லாமலே அப்படியே பொருந்துவதைத்தான் தேடும். நட்சத்திரக் குறியையும் நீங்கள் கேட்டால் ஒழிய விசேஷமாக எடுக்காது. ‘3ஆவது நிரல்’ என்று எண்ணிச் சொல்வதும் இல்லாததால், விலை ஷீட்டில் நடுவில் ஒரு நிரலைச் சேர்த்தாலும் குழம்பாது. வீலுக்அப்பில் அப்படிச் சேர்த்தால் 3 என்பது 3ஆகவே நிற்கும், விலைக்குப் பதிலாக வேறு எதையோ கொண்டுவரும். என்னைக் கேட்டால், உங்களிடம் எக்ஸ்லுக்அப் இருந்தால் புதிய ஷீட்களை அதிலேயே எழுதுங்கள். ஒரே நிபந்தனை, கோப்பைப் பெறுபவரிடமும் புதிய பதிப்பு இருக்க வேண்டும். கணக்காய்வாளருக்கோ கிளைக்கோ அனுப்பி, அங்கே பழைய எக்செலில் கணக்கிட்டால் #நேம்? என்று நிற்கும்.

பிழையை அப்படியே விடவேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது. மத்திய வங்கி வெளியிடும் நாளாந்த விலை அறிக்கையில் புறக்கோட்டை, தம்புள்ளை விலைகள் வருகின்றன. அவற்றை நாள்தோறும் எடுத்து, ஒரு மாதத்துக்கு விலை எப்படி ஏறி இறங்கியது என்று கோட்டு வரைபடம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். போயா நாளுக்கு விலை இருக்காது. அந்த நாளில் 0 போட்டால், ஏன், சூத்திரம் தரும் வெற்று எழுத்தைப் போட்டாலும், கோடு அதலபாதாளத்துக்கு விழுந்து மறுநாள் எழும்பும். #என்/ஏயாக விட்டால் எக்செல் அந்த நாளுக்குப் புள்ளி வைக்காது, கோடும் கீழே விழாது. இதற்காகவே ‘என்ஏ()’ என்று வேண்டுமென்றே #என்/ஏ தரும் ஒரு சூத்திரமும் உண்டு.

இஃப்எரரை ஒருநாளும் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. வேறு பிழை வர வழியே இல்லாத, சின்ன வீதக் கணக்குகளில் அது பரவாயில்லை. ஆனால் ஷீட்டை முதலாளியிடம் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், அதில் #என்/ஏ அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சூத்திரங்களைச் சுற்றி மூடாதீர்கள். ‘பேஜ் செட்அப்’ திறந்து ‘ஷீட்’ பகுதிக்குப் போனால், பிழைகளை எப்படி அச்சிட வேண்டும் என்று கேட்கும் ஒரு தெரிவு இருக்கிறது. வெறுமை, இரட்டைக் கோடு, #என்/ஏ என்று தரும். இரட்டைக் கோட்டைத் தெரிவு செய்தால், தாளில் எல்லாப் பிழைக்கும் பதிலாக அந்தக் கோடு மட்டும் விழும். ஷீட்டில் பிழை இருந்த இடத்திலேயே இருக்கும், திருத்த வேண்டியவர் கண்ணில் படும்படி.